வில்லங்கச் சான்றில் வராதவர்கள்

வடசென்னையில் நாங்கள் வீடு தேடிய காலத்தில் தரகர்கள் எல்லாரும் ஒரே உறுதிமொழியைத்தான் முதலில் தந்தார்கள். பத்திரப் பதிவுக்கு முன்பே குடித்தனக்காரர்களைக் காலி செய்துவிட்டு, வெறும் வீட்டின் சாவியைக் கையில் கொடுத்துவிடுவோம் என்பார்கள். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்களாம். எங்களுக்கு அது வேண்டாம், இருக்கிறவர்கள் இருக்கட்டும் என்று சொன்னபோது ஒரு தரகர் என் கணவரைத் தனியே அழைத்துப்போய், யோசித்துத்தான் பேசுகிறீர்களா என்று அக்கறையோடு விசாரித்தார்.

யோசித்துத்தான் கேட்டோம். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், நடுவில் வீட்டுக்காரர் என்று வாழ்வது சென்னையின் பழைய வழக்கம். என் அம்மா ராயபுரத்தில் அப்படிப்பட்ட ஒரு போர்ஷனில் பிறந்து வளர்ந்தவர். வீட்டுக்காரரும் அதே வாசலில் செருப்பைக் கழற்றுகிறவராக இருந்தால், குழாய் உடைந்த அன்றைக்கே ஆள் வந்துவிடும் என்று அம்மா அடிக்கடி சொல்வார். எங்களுக்குக் கட்டுப்படியாகும் பணத்தில் தெற்கே ஒரு ஃப்ளாட் வாங்கலாம். அல்லது தண்டையார்பேட்டைப் பக்கம் அரை கிரவுண்டு மனையில், தரைத்தளமும் இரண்டு மாடியும் கொண்ட பழைய வீடு ஒன்றை வாங்கலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். முதல் மாடியில் நாங்கள் இருக்கிறோம். தரைத்தளத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு போர்ஷன்கள். இரண்டாவது மாடியில் ஒரு குடும்பம்.

இப்படிப்பட்ட வீட்டை வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது இதைத்தான்: வக்கீலுக்கும் வங்கிக்கும் இன்ஜினியருக்கும் முன்னால், அங்கே குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். வில்லங்கச் சான்றிதழில், அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலில், வராத பல உண்மைகள் அவர்களிடம்தான் இருக்கின்றன. வாங்கிய பிறகு உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதும் அந்தப் பேச்சிலேயே பாதி தெரிந்துவிடும்.

வடசென்னை இப்போது முன்னுக்கு வருகிறது என்று எல்லாரும் பேசுகிறார்கள். காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான ஒன்பது கிலோமீட்டர் மெட்ரோ ரயில் பாதைக்கு 2016இல் அடிக்கல் நாட்டினார்கள். 2021 பிப்ரவரி 14 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. தண்டையார்பேட்டையில் ஏறி உட்கார்ந்தால் சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி என்று விமான நிலையம் வரை ஒரே ரயிலில் போய்விடலாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். 2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை நான்காயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணிகளோடு மாநில அரசு தொடங்கிவைத்தது. பேருந்து நிலையம், பள்ளி, மருத்துவமனை, கால்வாய் சீரமைப்பு என்று பட்டியல் நீளமானது.

ஆனால் 'வளரும் பகுதி' என்று விளம்பரத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் எழுகிறது. இதுவரை இங்கே ஒன்றுமே இல்லை என்பது போன்ற பேச்சு அது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. இந்த நகரத்தின் துறைமுகமும், காசிமேட்டு மீனும், டயரும் மோட்டார் சைக்கிளும் தீப்பெட்டியும் செய்த தொழிற்சாலைகளும் இந்தப் பக்கத்து மக்களின் உழைப்பில் நடந்தவை. பதிலுக்கு நகரம் இங்கே அனுப்பிவைத்தது எண்ணெய்க் கிடங்குகளையும் அனல்மின் நிலையங்களையும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டையும். 2013இல் தண்டையார்பேட்டையின் சில தெருக்களில் போர்வெல் தண்ணீரில் எரிபொருள் கலந்து வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் தங்கள் கைகளாலேயே அதை வழித்து எடுத்தார்கள். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு இங்கேயே இருந்தவர்கள் பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிய வருடங்களில் தூசியைத் தின்றவர்களும் அவர்கள்தான். ரயில் வந்த பிறகு மனையின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டைக் காலி செய்து தரச்சொல்லி நாங்கள் கேட்காததற்கு முதற்காரணம் இதுதான்.

இனி பணக் கணக்கு. யூடியூபில் ஒரு யோசனை பரவிக்கிடக்கிறது: நான்கு போர்ஷன் வீட்டை வாங்கு, ஒன்றில் நீ இரு, மற்ற மூன்றின் வாடகை உன் கடனைக் கட்டும். இது அமெரிக்காவிலிருந்து வந்த யோசனை. அங்கே நான்கு குடியிருப்புகள் வரை உள்ள கட்டடத்தை வாங்கி, அதில் தானே குடியேறுபவருக்கு, அரசின் காப்புறுதியோடு கூடிய கடனில் முன்பணம் 3.5 சதவீதம் இருந்தால் போதும். வரப்போகும் வாடகையில் பெரும்பகுதியை வருமானமாகவும் எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் அந்தக் கதவு கிடையாது. ரிசர்வ் வங்கி விதிப்படி 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கடன் என்றால் சொத்து மதிப்பில் 75 சதவீதம் வரைதான் தரலாம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம். முத்திரைத்தீர்வையையும் பதிவுக்கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள்.

ஒரு கோடி ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். கடன் 75 லட்சம். கையிலிருந்து 25 லட்சம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பதிவுக்கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். பதிவுக்காக அரசு வைக்கும் குறைந்தபட்ச விலையான வழிகாட்டி மதிப்பை அதே நேரத்தில் உயர்த்தினார்கள். முத்திரைத்தீர்வையும் சேர்த்து 9 சதவீதம் என்றால் இன்னொரு 9 லட்சம். ஆக 34 லட்சம் கையில் இல்லாமல் இந்தப் பேச்சையே தொடங்க முடியாது. எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு 75 லட்சத்தின் மாதத் தவணை ஏறத்தாழ 65,000 ரூபாய். மூன்று போர்ஷன்களிலிருந்து 25,000 வாடகை வருகிறது என்றும், நாம் வெளியே கொடுத்துவந்த 18,000 மிச்சமாகிறது என்றும் கூட்டினாலும் 43,000தான். மீதி 22,000 மாதாமாதம் சம்பளத்திலிருந்து போகவேண்டும். வீட்டுவரி, தண்ணீர் வரி, பழுதுபார்ப்பு எல்லாம் அதற்கு மேல்.

சென்னையில் வாடகை கடனைச் சுமக்காது. குடித்தனக்காரர் நம் வீட்டை நமக்கு வாங்கிக்கொடுப்பார் என்ற எதிர்பார்ப்போடு ஒருவர் இதில் இறங்கினால், முதல் வருடம் முடிவதற்குள் வாடகையை ஏற்றச் சொல்லித் தவணையே அவரை நெருக்கும். அந்த நெருக்கடி பிறகு கீழ்வீட்டுக் கதவைத்தான் தட்டும். இன்று அவர்கள் கொடுக்கிற வாடகையை வைத்துக்கொண்டு, நம் சம்பளத்தில் கடனைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அந்த வீடு நமக்கானது அல்ல. நாங்கள் இரண்டு நல்ல வீடுகளை இந்த ஒரே காரணத்துக்காக விட்டுவிட்டோம்.

பத்திரங்களுக்கு வருகிறேன். வடசென்னையில் பழைய வீடு வாங்குபவர்கள் பொறுமையோடு நிற்கவேண்டிய இடம் இது. திருவொற்றியூர், ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் மனை ஒருவருக்கும் கட்டடம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். கோயில் மனையில் மூன்று தலைமுறையாக வீடு கட்டி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விற்பது கட்டடத்தை மட்டும். மனைக்கான வாடகையைக் கோயிலுக்குத் தொடர்ந்து கட்டவேண்டும். பிறர் மனையில் வீடு கட்டியவர்களுக்குப் பாதுகாப்பளித்த 1921ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கோயில் நிலங்களை 1996இல் விலக்கிவிட்டார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு வீடு, தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரை உள்ள வீடு, இப்படிப்பட்ட மனையில் இருந்தது. வங்கியும் கடன் தராது என்றது. மனதைத் தேற்றிக்கொண்டு நகர்ந்தோம்.

நகரத்துக்குள் பட்டா என்று பொதுவாகச் சொன்னாலும், நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்க்கவேண்டும். அதில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா, அளவு சரியா என்று ஒப்பிடவேண்டும். அப்பா காலத்து வீட்டைப் பிள்ளைகள் விற்கிறார்கள் என்றால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போடவேண்டும். கல்யாணமாகிப் போன சகோதரிகள் உட்பட. அவர்களுக்குத்தான் எப்போதோ நகை போட்டாயிற்றே என்று சகோதரர்கள் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கையெழுத்தை வாங்குங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவரே ஒரு சதவீதம் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். விற்பவர்கள் பலராக இருந்து ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் கீழே வந்தாலும், மொத்த விலையைத்தான் பார்க்கவேண்டும் என்று 2024இல் சட்டத்தைத் திருத்தித் தெளிவாக்கிவிட்டார்கள். முழு விலையையும் பத்திரத்தில் எழுதி, முழுவதையும் வங்கி வழியாகவே கொடுத்தோம். ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டவர்களின் வீட்டுக்கு நாங்கள் மறுபடி போகவில்லை.

அனுமதி வரைபடத்தையும் விரித்துப் பாருங்கள். தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் அனுமதி வாங்கிவிட்டு, இரண்டாவது மாடியைப் பின்னால் தன் இஷ்டத்துக்கு எழுப்பிய வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. வங்கியின் மதிப்பீட்டாளர் அனுமதியில்லாத தளத்தைக் கணக்கில் சேர்க்கமாட்டார். அந்தத் தளத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கும் அது நல்லதல்ல.

இவ்வளவு தாள்களையும் பார்த்த பிறகும் தெரியாமலே போயிருக்கக்கூடிய ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. தரைத்தளத்தின் பின்போர்ஷனில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி. விற்பவர்கள் கொடுத்த வாடகைப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தொகை எதுவும் இல்லை. தூரத்து உறவு, சும்மா இருக்கிறார் என்றார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். 'உட்காரம்மா' என்று பாயை விரித்தார். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்து, பழைய பட்டுப்புடவையின் மடிப்புக்குள் இருந்து இருபது ரூபாய் முத்திரைத்தாளை எடுத்துக் காட்டினார். நான்கு லட்சம் ரூபாயை வீட்டுக்காரரிடம் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்துகொள்வது. காலி செய்யும் நாளில் தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்வது. போக்கியம் என்றும் லீஸ் என்றும் இங்கே சொல்வார்கள். கையெழுத்துப் போட்ட பழைய வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அந்த நான்கு லட்சம் துறைமுகத்தில் வேலை பார்த்த பாட்டியின் கணவருக்கு ஓய்வுபெறும்போது கிடைத்த பணம். பாட்டிக்கு வேறு சேமிப்பு இல்லை.

போக்கியப் பத்திரத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. செலவுக்குப் பயந்தும், வீட்டுக்காரர் மீதுள்ள நம்பிக்கையாலும் யாரும் செய்வதில்லை. பதிவு செய்யாததால் முப்பது வருட வில்லங்கச் சான்றிதழைப் போட்டு எடுத்தாலும் அது வராது. அந்தத் தாள் இருப்பதைச் சொல்லக்கூடியவர் பாட்டியைத் தவிர வேறு யாரும் இல்லை. காலி வீடாக வாங்கியிருந்தால் அவரை யாரோ எப்படியோ வெளியேற்றியிருப்பார்கள். நான்கு லட்சம் எங்கே போயிற்று என்று எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

வக்கீலிடம் போனோம். போக்கியத்தை எங்கள் பெயரில் தொடர்ந்து பதிவு செய்ய வங்கி சம்மதிக்காது. தன் அடமானத்துக்குப் பக்கத்தில் இன்னொரு அடமானத்தை எந்த வங்கியும் அனுமதிப்பதில்லை. அதனால் வேறு வழி செய்தோம். விற்பவர்களுக்குச் சேரவேண்டிய தொகையில் நான்கு லட்சத்தைப் பாட்டியின் பெயருக்கே டிடியாக எடுத்துப் பதிவு அன்றைக்கே அவர் கையில் கொடுக்கவேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதினோம். அவர் அதை மூத்த குடிமக்களுக்கான வைப்புத்தொகையில் போட்டிருக்கிறார். ஏழரை சதவீதம் வட்டி என்றால் மாதம் 2,500 ரூபாய் வரும். அவர் வாடகையையும் 2,500 என்று வைத்தோம். பணம் அவரிடம், வீடும் அவரிடம். எங்களுக்கு நஷ்டமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் போர்ஷனின் சந்தை வாடகை இதைவிட அதிகம்தான். ஆனால் அந்த வீட்டை வாங்குவது என்று முடிவெடுத்தபோதே அவர் இருக்கும் இடமாகத்தான் அதை வாங்கினோம். கணக்கும் அப்படித்தான் போட்டோம்.

மற்ற இரண்டு குடும்பங்களின் அட்வான்ஸ் தொகையையும் இதேபோல் எழுத்தில் கொண்டுவந்தோம். வீடு கைமாறினாலும் குடித்தனம் முறிவதில்லை. வாங்கியவர் வீட்டுக்காரரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். அட்வான்ஸைத் திருப்பித்தரும் பொறுப்பும் அவரோடு வருகிறது. அந்தத் தொகையை விற்பவரிடமிருந்து கணக்கில் கழித்துக்கொள்ளவில்லை என்றால், நாளைக்கு நம் பையிலிருந்து கொடுக்கவேண்டியிருக்கும். அல்லது கொடுக்கமாட்டேன் என்று குடியிருப்பவரோடு மல்லுக்கு நிற்கவேண்டியிருக்கும். யாருக்கு எவ்வளவு என்பதை முதலில் குடியிருப்பவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு விற்பவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டேன்.

கட்டடத்தைப் பற்றியும் அவர்களிடம்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். இன்ஜினியர் வந்து சுத்தியலால் கூரையைத் தட்டிப் பார்த்தார். கடற்காற்று படும் பகுதி. கம்பி துருப்பிடித்து வீங்கினால் சிமென்ட் பூச்சு உள்ளுக்குள் விட்டுப்போய்ப் பொள்ளென்று சத்தம் கேட்கும். இரண்டு இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுவிட்டுப் போனார். முன்போர்ஷனில் தையல் வேலை செய்யும் அக்கா அதன் பிறகு என்னை அழைத்துப்போய் மூன்றாவது இடம் ஒன்றைக் காட்டினார். அலமாரிக்கு மேலே, வெள்ளையடித்து மறைத்த ஒரு திட்டு. ஒவ்வொரு ஐப்பசியிலும் அங்கேதான் ஈரம் முதலில் வரும் என்றார். தெருவை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் வாசல் பள்ளமாகிவிட்டதையும், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்பதையும் அவரே விரல் வைத்துக் காட்டினார். குடிநீர் வாரியத்தின் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், அடிபம்பை எப்போது அடித்தால் சேறில்லாமல் வரும், தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியான சம்ப் எந்த மாதத்தில் வறளும், போர்வெல் தண்ணீர் பாத்திரம் கழுவக்கூட ஏன் ஆகாது என்பதையெல்லாம் எந்த அறிக்கையும் சொல்லாது. விலை பேசும்போது இந்த விவரங்கள் எங்களுக்கு உதவின. அந்த உதவிக்கு நன்றியாக, குடிவந்த பிறகு முதல் வேலையாக அவர் வீட்டுக் கூரையைத்தான் சரிசெய்தோம்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்த மூன்றாவது திட்டுக்கு நேர் மேலே இருப்பது எங்கள் குளியலறை. பழைய வார்ப்பிரும்புக் குழாய் சுவருக்குள்ளேயே அரித்துப்போய், நாங்கள் குளிக்கும் தண்ணீர்தான் அவர்கள் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. தரையை உடைத்து, குழாயை பிவிசியாக மாற்றி, நீர்புகாத பூச்சுப் போட்டு, ஓட்டை அடைத்துத் தண்ணீரைத் தேக்கிவைத்து, கீழே ஈரம் தெரிகிறதா என்று பார்த்து, அதன் பிறகே டைல்ஸ் ஒட்டினார்கள். அந்த நாட்களில் இரண்டாவது மாடிக் குடும்பம் தங்கள் குளியலறையை எங்களுக்குத் திறந்துவிட்டது. வேறு ஊரில் இருந்துகொண்டு வாடகை மட்டும் வாங்குகிற வீட்டுக்காரர், அந்த ஈரத்துக்கு இன்னொரு முறை வெள்ளையடித்திருப்பார். அதற்கு முந்தைய வருடங்களில் அதுதான் நடந்திருந்தது.

மின்சார விஷயம் ஒன்றையும் சொல்லவேண்டும். சென்னையில் வாடகை வீட்டுக்காரர்கள் பலர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாங்களே ஒரு விலை வைத்துக் கரண்ட் பணம் வாங்குகிறார்கள். 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் படிப்படியான மானியம் இருக்கிறது. அது குடியிருப்பவருக்கு வரவேண்டிய சலுகை. எங்கள் வீட்டில் நான்கு குடும்பங்களுக்கும் தனித்தனி மீட்டர் இருந்தும், பழைய ஏற்பாட்டில் எல்லாரும் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வீட்டுக்காரரிடம் கொடுத்துவந்தார்கள். பாட்டிக்கு ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு சின்ன டிவி. அவர் பயன்படுத்தியது 100 யூனிட்டைத் தாண்டுவதே அபூர்வம். அதாவது அவர் ஒரு பைசாவும் கட்டவேண்டியதில்லை. மீட்டர் அட்டைகளை அவரவர் கையில் கொடுத்து, இணைப்பு எண்ணை அவரவர் செல்பேசியில் பதிந்துவிட்டோம். தண்ணீர் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் எங்கள் மீட்டரில் ஓடுகின்றன. இதற்கு எங்களுக்கு ஆன செலவு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பாட்டி முதல் ரசீதைக் கொண்டுவந்து, இதில் கட்டவேண்டிய தொகை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பூஜ்யத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

வாடகைச் சட்டம் நம் மாநிலத்தில் மாறிவிட்டது என்பது பலருக்குத் தெரியவில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. தகராறு என்று சொல்லித் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. நாங்கள் மூன்று ஒப்பந்தங்களையும் தமிழில் எழுதி, ஒவ்வொரு வரியையும் அவர்களோடு படித்து, பிறகுதான் பதிவு செய்தோம். பத்து மாத அட்வான்ஸாக முன்பு வாங்கியிருந்ததில் மூன்று மாதத்துக்கு மேற்பட்டதைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டாவது மாடியில் இருப்பவர் அந்தப் பணத்தில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்.

வாடகை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறும் என்று எழுதியிருக்கிறோம். பாட்டிக்கு அதுவும் இல்லை. எங்கள் தெருவில் புதிதாக வருகிறவர்கள் இதைவிட நிறையக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரம் என்றாலே வாடகைப் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஏன் ஏற்றக்கூடாது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். குடித்தனக்காரர் மாறினால் ஒரு மாதம் இரண்டு மாதம் வீடு பூட்டிக்கிடக்கும், தரகு உண்டு, பெயின்ட் செலவு உண்டு என்று கணக்காகவும் பதில் சொல்லலாம். சொல்வதும் உண்டு. ஆனால் என் உண்மையான பதில் வேறு. தையல்கார அக்கா இந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தவர். தெருப் பிள்ளைகள் பாதிப்பேரின் பள்ளிச் சீருடை அவர் தைத்தது. அவருடைய வாடிக்கை எல்லாம் இந்த நான்கு தெருக்களுக்குள்தான். அவரை மாதவரத்துக்கோ மீஞ்சூருக்கோ அனுப்பிவிட்டால், புதிதாகத் தொடங்க இன்னொரு இருபது வருடம் வேண்டும். நாலாயிரம் ரூபாய் கூடுதல் வாடகைக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வராது. ஒரு பகுதி முன்னுக்கு வருகிறது என்றால் அங்கே இருந்தவர்கள் முன்னுக்கு வரவேண்டும். ஆட்களை மாற்றிவிட்டு அதை வளர்ச்சி என்று சொல்வதை என்னால் ஏற்கமுடியாது.

ஒரே கட்டடத்தில் வாழ்வதில் சங்கடங்களும் உண்டு, மறைக்கவில்லை. மாடிப்படியில் சைக்கிளை நிறுத்துவது, மொட்டைமாடிக் கொடியில் யார் துணி எந்தக் கிழமை என்பது, சம்ப் நிறையாத நாளில் வாஷிங் மெஷினைப் போடுவது, எல்லாவற்றுக்கும் மனத்தாங்கல் வரும். வாடகை ஒரு மாதம் தாமதமானால் கேட்பதற்கு நாக்கு எழாது. தினமும் முகம் பார்க்கிறோம். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, பணப் பேச்சை ஐந்தாம் தேதி ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வது. தராதவர் அன்றைக்கு வந்து காரணம் சொல்லிவிடுவார். நாங்களும் அடுத்த ஐந்தாம் தேதி வரை அதைப் பேசமாட்டோம். தனிமை வேண்டும், படியில் யாரும் எதிர்ப்படக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு இந்த வாழ்க்கை ஒத்துவராது. அவர்கள் ஃப்ளாட் வாங்குவதே நல்லது.

எதிர்வீட்டை இடித்துவிட்டார்கள். அங்கே கீழே கார் நிறுத்துமிடமும் மேலே நான்கு தளமும் வரப்போகின்றன. அங்கிருந்த குடும்பங்களில் ஒன்று எர்ணாவூருக்குப் போயிற்று. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கட்டுகிறவர் எங்களிடமும் வந்தார். மனையைக் கொடுங்கள், பாதிக்குப் பாதி கட்டித்தருகிறேன், இரண்டு ஃப்ளாட் உங்களுக்கு என்றார். மூன்று குடும்பங்கள் இருக்கின்றனவே என்றோம். காலி செய்யும் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, அன்று மாலையே மூன்று வீட்டிலும் போய் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் வேறு யார் வாயிலாவது கேட்டுப் பயப்படுவதற்கு முன் நாங்களே சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது பதினொரு மாதம் என்பதை மூன்று வருடம் என்று எழுதலாமா என்று இரண்டாவது மாடிக்காரர் கேட்டார். அப்படியே எழுதச் சொல்லி வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம்.